காலியாக இருக்க வேண்டிய லேனில் ஒரு கோடு

மார்ச் 4, புதன்

இன்று மூன்று டியூப் வெளியே போயின. இந்த வருடத்தில் எட்டாவது ஆய்வகம் கேட்டு வாங்குகிறது. உலர் ஐஸ் போட்டுப் பெட்டியைக் கட்டிக்கொண்டே எங்கள் ஐஸ்காரர் (உதவியாளருக்கு நாங்கள் வைத்த பெயர், அவருக்கும் பிடிக்கும்) சொன்னார்: "மேடம், உங்க முயல் செத்து ஏழு வருஷம் ஆச்சு. இன்னும் ஊர் ஊரா சுத்துது." எல்லோரும் சிரித்தோம்.

எனக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது அந்த முயலின் ரத்தத்திலிருந்து எடுத்த ஆன்டிபாடிதான். செல்லுக்குள் 'வளரு, பிரி' என்று சேதி கடத்துகிற ஒரு புரதம், ஒரு டைரோசின் கைனேஸ். அது விழித்திருந்தால் இது போய் ஒட்டிக்கொள்ளும், காட்டிக் கொடுக்கும். இதை வைத்துத்தான் அந்த ஒரு வகைக் கட்டியில் கைனேஸ் ஓயாமல் விழித்திருக்கிறது என்று எழுதினேன். அந்தக் கட்டுரையால்தான் இந்த அறை, இந்த நாற்காலி, கதவில் பெயர்ப்பலகை.

மாலையில் மருத்துவமனையிலிருந்து திசுப் பரிசோதனை டாக்டர் கூப்பிட்டார். கைனேஸை அடக்குகிற புது மருந்தை யாருக்குக் கொடுக்கலாம் என்று ஆள் தேர்ந்தெடுக்க நம் ஆன்டிபாடியை உபயோகிக்கப் போகிறார்களாம். கேட்டதும் தலைகால் புரியவில்லை. கடைசியில், போனை வைக்கும் முன்னால்: "ஒண்ணே ஒண்ணு. அந்தக் கைனேஸோட ஜீனை எடுத்துட்ட செல்லுல இதைப் போட்டுப் பாத்திருப்பீங்கல்ல? அந்தப் படம் மட்டும் அனுப்பி வைங்க, ஃபைல்ல வைக்கணும்."

"இருக்கு டாக்டர். அனுப்பறேன்" என்றேன்.

மார்ச் 5, வியாழன்

அனுப்பவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

ஏன் அனுப்பவில்லை என்று எனக்கே எழுதிப் பார்க்கிறேன்.

ஆறு வருடம் முன்னால் என்னிடம் ஒரு ஆராய்ச்சி மாணவி இருந்தாள். எதையும் மெதுவாகச் செய்வாள். எல்லோரும் அவளை ஆமை என்பார்கள். ஜீனை நீக்கிய செல்லில் சோதிக்கும் வேலையை அவளிடம் கொடுத்தேன். விஷயம் எளிது. புரதங்களைப் பிரிக்கிற ஜெல்லில் இரண்டு லேன், அதாவது இரண்டு தடம், ஓட்டணும். ஒன்றில் சாதாரண செல், இன்னொன்றில் கைனேஸே இல்லாத செல். ஆன்டிபாடி சரியானது என்றால் முதல் லேனில் கோடு வரும், இரண்டாவது வெறிச்சென்று இருக்கும். அந்தக் கோடுகள் பதிகிற ஃபிலிமை அவள் கொண்டுவந்தாள், இரண்டு லேனிலுமே கோடு. மூன்று தடவை செய்தாள், மூன்று தடவையும் அதே. அவள் கை சரியில்லை. மாதிரிகளைக் கலந்துவிட்டாள். அப்புறம் படிப்பையே விட்டுவிட்டுப் போய்விட்டாள். அந்தச் சோதனை இல்லாமலே கட்டுரை போயிற்று. யாரும் கேட்கவும் இல்லை.

அவ்வளவுதான் நடந்தது.

மார்ச் 10, செவ்வாய்

அவ்வளவுதான் இல்லை. என் டைரியிலேயே நான் பொய் எழுதுகிறேன். யாருக்காக? இதை யார் படிக்கப் போகிறார்கள்?

நடந்தது இது. அவளை நான் கூட்டத்தில், ஒன்பது பேர் முன்னால், "உனக்குக் கை வரலைம்மா. இதெல்லாம் முதல் வருஷப் பசங்க பண்ற வேலை" என்று சொன்னேன். யாரோ சிரித்தார்கள். அவள் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை யாருமில்லாதபோது நானே போய்ச் செய்தேன். என் கையால். ஆரம்பத்திலிருந்து. ஃபிலிமைத் தூக்கிப் பார்த்தேன் — இரண்டு லேனிலும் கோடு. என் கையெழுத்தில் தேதி போட்டேன், பழக்கம். பிறகு உறையில் போட்டு மேஜையின் கீழ் இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.

'ஜீன் முழுசாக நீங்கியிருக்காது' என்று சொல்லிக்கொண்டேன். அதைச் சரிபார்க்க இரண்டு நாள் போதும். பார்க்கவில்லை. பார்த்தால் தெரிந்துவிடுமே.

எட்டு நாள் கழித்து அவள் விலகல் கடிதத்தோடு வந்தாள். கையெழுத்துப் போட்டேன். இழுப்பறை என் முழங்காலுக்கு ஒரு சாண் தூரத்தில்.

மார்ச் 13, வெள்ளி

வேறொரு ஆய்வகத்திலிருந்து கைனேஸ் இல்லாத செல்லைக் கேட்டு வாங்கினேன். ஜீன் இல்லை என்பதை முதலில் உறுதி செய்துகொண்டேன். சாக்குச் சொல்ல இந்தத் தடவை வழி வைக்கவில்லை.

ஐஸ்காரர் "நான் ஓட்டித் தரட்டா மேடம்?" என்றார். வேண்டாம் என்றேன்.

கோடு இருக்கிறது.

கொஞ்சம் மங்கல். ஆனால் இருக்கிறது. அது கைனேஸின் உடன்பிறப்பாக இருக்கணும். அதே குடும்பம், அதே உயரம், முகஜாடை ஒன்று. நம் ஆன்டிபாடி இரண்டையும் பிடிக்கிறது. அப்படியென்றால் கட்டியில் இத்தனை வருடமாகத் தெரிந்தது அண்ணனா தம்பியா என்று யாராலும் சொல்ல முடியாது. மருந்தோ ஒருவனைத்தான் அடக்கும்.

மார்ச் 14, சனி

என் கணவரிடம் சொல்லலாம் என்று இவருடைய மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போனேன். மதியம், கூட்டம் இல்லாத நேரம். ஒரு பெரியவருக்குக் கண் பார்த்து முடித்திருந்தார். பெரியவர் போனதும் இவர் சிரித்தார். "பாவம், கடைசி வரியை மனப்பாடமா ஒப்பிக்கறாரு. ஒரு எழுத்துகூடத் தெரியலை."

"ஏன் அப்படிச் செய்யணும்?"

"தெரியலைன்னு சொல்ல வெக்கம். இங்க ஒப்பிச்சிட்டுப் போயி, வெளிய வண்டி ஓட்டுவாங்க."

என் முகத்தைப் பார்த்தார். "ஆபீஸ்ல ஏதாவதா?" என்று கேட்டார். தலைவலி என்றேன். பதினாறு வருடம் கூட வாழ்கிறவர். தலைவலி என்று சொன்னால் நம்புகிறார்.

மார்ச் 16, திங்கள்

டாக்டர் மறுபடியும் கேட்டார். குழு காத்திருக்கிறதாம்.

கோடுகளின் ஒளி பதிய ஃபிலிமை ஐந்து நிமிடம் வைத்தால் இரண்டாவது லேனில் கோடு நன்றாகத் தெரியும். பத்து வினாடி வைத்தால் தெரியாது. பத்து வினாடி ஃபிலிமை அனுப்பினேன்.

அதில் ஒரு புள்ளிகூட நான் அழிக்கவில்லை. எதையும் வெட்டவில்லை. பொய் இல்லை — பத்து வினாடி அளவுக்கு உண்மை.

இந்த வாக்கியத்தை எழுதிய கையைப் பார்க்கவே அருவருப்பாக இருக்கிறது.

மார்ச் 17, செவ்வாய்

டாக்டரின் பதில்: "அருமையான படம். ரொம்ப நன்றி."

மார்ச் 20, வெள்ளி

யார் கூப்பிட்டாலும் தூக்கிவாரிப் போடுகிறது. இன்று ஒரு மாணவன் தன் ஃபிலிமைக் கொண்டுவந்து, "இந்த லேன்ல என்னமோ இருக்கு மேடம், என் தப்பா இருக்கும்" என்றான். என் அறையில் எல்லோரும் இப்படித்தான் பேசக் கற்றிருக்கிறார்கள். என்னமோ இருந்தால் அது அவர்கள் தப்பு. நான்தான் கற்றுக்கொடுத்தேன்.

மார்ச் 23, திங்கள்

ஆரம்பித்துவிட்டார்கள். டாக்டரே சந்தோஷமாகச் சொன்னார். முதல் பன்னிரண்டு பேரின் திசுவில் சாயம் ஏற்றியாயிற்று, ஏழு பேருக்குப் பொருந்துகிறது.

ஏழு பேர்.

அதில் எத்தனை பேருக்கு அந்த மருந்து வெறும் தண்ணி? வேறே மருந்து கிடைச்சிருக்க வேண்டியவங்க இதைக் குடிச்சிட்டு உக்காந்திருப்பாங்களே! என்ன பண்ணிட்டேன் நான்? என்ன பண்ணித் தொலைச்சிட்டேன்?

மார்ச் 24, செவ்வாய்

போனில் சொல்லத் துணிவில்லை. போனேன்.

மருத்துவமனையின் இரண்டாம் மாடி நடைபாதையில் பிளாஸ்டிக் நாற்காலிகளைச் சுவரோடு ஆணி அடித்து வைத்திருக்கிறார்கள். ஒரு அம்மா மடியில் பழைய எக்ஸ்ரே உறைகளை அடுக்கி வைத்து உட்கார்ந்திருந்தார். என் கழுத்து அட்டையைப் பார்த்து, "புது மருந்து ரூம் இதுதாங்களா? எனக்குப் பொருந்துதுன்னு நேத்து சொன்னாங்க" என்றார். முகமெல்லாம் வெளிச்சம். "விசாரிச்சுச் சொல்றேம்மா" என்று நகர்ந்துவிட்டேன்.

டாக்டர் அறையில் கண்ணாடித் தகடுகள் தட்டில் வரிசையாக இருந்தன. உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன், ஐந்து நிமிட ஃபிலிமையும் ஆறு வருடப் பழைய ஃபிலிமையும் மேஜையில் வைத்தேன்.

அவர் இரண்டையும் விளக்குப்பெட்டியில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"போன வாரம் அனுப்பின படம்?"

"வேணும்னுதான் அதை அனுப்பினேன்."

"நல்லவேளை, இன்னும் யாருக்கும் மருந்து போகலை. நாளைக்கு முதல் ஆளுக்குக் கொடுக்கறதா இருந்தோம்." பிறகு, "ஒருத்தங்களுக்கு மட்டும் நேத்து வாய்விட்டுச் சொல்லிட்டேன். ரொம்பக் கேட்டாங்க. இப்ப போய் இல்லைன்னு சொல்லணும்."

"நானும் வரேன் டாக்டர்."

"வேண்டாம். அவங்களுக்கு உங்க முகம் எதுக்கு?"

கதவைத் திறந்து அந்த எக்ஸ்ரே அம்மாவிடம் போய்ப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. அந்த அம்மா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார், ஒவ்வொரு வார்த்தைக்கும், சரிங்க சரிங்க என்பதுபோல. பிறகு மடியிலிருந்த உறைகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஓரம் சரிசெய்து அடுக்கினார்.

அவங்களைத் தாண்டித்தான் படிக்கட்டு. தாண்டிப் போனேன்.

மார்ச் 25, புதன்

இவரிடம் சொன்னேன். எல்லாவற்றையும், மாணவியையும் சேர்த்து. இவர் கேட்டது ஒன்றுதான்: "அந்தப் பொண்ணு இப்ப எங்க இருக்கா?"

எனக்குத் தெரியவில்லை. ஆறு வருடத்தில் ஒருநாள்கூட விசாரிக்கவில்லை.

மார்ச் 27, வெள்ளி

இயக்குநர் அறை. நல்ல மனிதர், அதுதான் கஷ்டம்.

"பதறாதீங்க. ஒரு திருத்தம் போட்டா போதும். 'சில சூழ்நிலைகளில் வேறு புரதத்தையும் பிடிக்கக்கூடும்'னு ஒரே வரி. அடுத்த மாசம் மதிப்பீட்டுக் குழு வேற வருது."

"கட்டுரையையே திரும்பப் பெறணும் சார்."

"எதுக்கு? தெரியாம நடந்ததுதானே. வேணும்னா பண்ணினீங்க?"

'தெரியாமல்தான்' என்று ஒரு தலையாட்டலில் தப்பித்திருக்கலாம். தப்பிக்கும் வழிக்கு அவரே கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். "தெரியும் சார். அப்பவே தெரியும்" என்றேன்.

பேனாவை மூடி மேஜையில் வைத்தார். அதுவரை 'நீங்க', 'நாம' என்று பேசிக்கொண்டிருந்தவர், அதற்குப் பிறகு 'நிறுவனம்' என்றுதான் பேசினார். நிறுவனம் விசாரிக்கும். நிறுவனம் முடிவு சொல்லும். அதுவரை ஒரு டியூப்கூட வெளியே போகக் கூடாது.

ஏப்ரல் 2, வியாழன்

ஐஸ்காரரிடமும் மாணவர்களிடமும் சொன்னேன். ஒரு பெண் அழுதுவிட்டாள், அவளுடைய இரண்டு வருட வேலை இந்த ஆன்டிபாடியின் மேல் நிற்கிறது. ஐஸ்காரர் உறைபெட்டியைத் திறந்து மிச்சமிருந்த டியூப்களை எல்லாம் எடுத்து ஒரு பையில் போட்டு, 'தொடாதே' என்று பெரிதாக எழுதி ஒட்டினார். பிறகு, "அந்தப் பொண்ணு குடிநீர் டெஸ்ட் பண்ற இடத்துல வேலை பாக்குது மேடம். எங்கிட்ட நம்பர் இருக்கு" என்றார்.

"உங்களுக்கு எப்படி?"

"நான் அப்பப்ப பேசுவேன்" என்றார். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. சும்மா சொன்னார்.

ஏப்ரல் 11, சனி

இனி இந்த நோட்டில் அவளை ஆமை என்று எழுத மாட்டேன். எழுதியதை அடிக்கவும் மாட்டேன். இருக்கட்டும்.

நகரத்துத் தண்ணீர்த் தொட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு தாழ்ந்த கட்டிடம். அவள் அறையில் ஜன்னல்வரை பாட்டில்கள், ஒவ்வொன்றிலும் தொட்டி எண். என்னைப் பார்த்ததும் சட்டென்று எழுந்து நின்றாள், பழைய பழக்கம். "வாங்க மேடம்."

"நீங்க உக்காருங்க" என்றேன்.

"என்ன மேடம், நீங்கன்னு?"

என்னால் நீ என்று சொல்ல முடியவில்லை. ஃபிலிமை நீட்டினேன். கையுறையைக் கழற்றி, ஓரத்தைப் பிடித்து வாங்கினாள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். இரண்டு லேனையும் பார்த்தாள். மூலையில் இருந்த தேதியைப் பார்த்தாள்.

"இது உங்க கையெழுத்து."

"ஆமாம்."

"நான் கிளம்பறதுக்கு முந்தின வாரம்."

"ஆமாம்."

"அப்ப, நான் கையெழுத்து வாங்க வந்தப்ப, உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"'எல்லாருக்கும் எல்லாம் வராது, அதுல கேவலம் ஒண்ணுமில்லை'ன்னு சொன்னீங்க. காபிகூட வாங்கிக் கொடுத்தீங்க."

அதை நான் சுத்தமாக மறந்துவிட்டிருந்தேன். எனக்கு மறந்திருக்கிறது!

மன்னிப்புக் கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. பாதியில் அழுகை வந்தது. அழப்போவது நானா அவளா? நான் அழுதால் அவளல்லவா என்னைத் தேற்ற வேண்டிவரும்? பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அவள் ஃபிலிமைப் பார்த்தபடியே பேசினாள். "எங்க வீட்டுக்காரர், நான் எதை எடுத்தாலும் பக்கத்துல வந்து நிப்பார். சுடுதண்ணி எடுத்தா, பாப்பாவுக்கு மருந்து ஊத்தினா, 'நிதானமா, நிதானமா'ம்பார். நான்தான் அப்படிச் சொல்லச் சொல்லி வெச்சிருக்கேன். எனக்குக் கை சரியில்லைன்னு. கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லிட்டேன், மறைக்கக் கூடாதில்ல?"

ஜன்னல் வெளிச்சத்திலிருந்து ஃபிலிமை இறக்கினாள்.

"இதை நான் வெச்சுக்கறேன்" என்றாள். நகல் எடுத்து விசாரணைக்குக் கொடுத்தாயிற்று, இது உங்களுடையதுதான் என்றேன்.

வாசல்வரை வந்தாள். "மறுபடி மன்னிப்புக் கேக்க இங்க வராதீங்க மேடம். இங்க நாலு சுவரும் பாட்டிலும்தான் கேக்கும். என்னை ஒன்பது பேர் முன்னாடி சொன்னீங்க. இதை எல்லாரும் படிக்கற இடத்துல எழுதுங்க."

ஏப்ரல் 12, ஞாயிறு

எழுதினேன். கட்டுரையைத் திரும்பப் பெறும் அறிவிப்பில் அவளைப் பற்றி ஒரு வாக்கியம்தான், அதற்கு நாள் முழுக்க ஆயிற்று.

ஜூன் 19, வெள்ளி

அறிவிப்பு வெளிவந்தது. கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. ஆன்டிபாடி உடன்பிறப்புப் புரதத்தையும் பிடிக்கிறது. முதன்மை ஆசிரியருக்கு இது கட்டுரை வெளியாகும் முன்பே தெரியும். இதை முதலில், மூன்று முறை, சரியாகக் கண்டறிந்தவர் அப்போதைய ஆராய்ச்சி மாணவி — பிறகு அவளுடைய முழுப்பெயர், தலைப்பெழுத்தோடு. இதழ்க்காரர்கள் பெயர் வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னார்கள். அவள் சம்மதக் கடிதம் அனுப்பிய பிறகுதான் ஒத்துக்கொண்டார்கள்.

நிறுவனத்தின் முடிவும் வந்தது. குழுத் தலைமை இல்லை. மூன்று வருடம் மாணவர்களை எடுக்கக் கூடாது. மூன்றாம் மாடிப் பொது ஆய்வறையில் ஒரு மேஜை.

அம்மா போனில், "பேப்பர்ல போட்டுட்டாங்களாமே?" என்றாள். "நான்தாம்மா போடச் சொன்னேன்" என்றேன். "அப்படியா" என்று சொல்லிவிட்டு அம்மா வேறு பேச்சுப் பேசினாள். எனக்குக் காது சுட்டது.

ஜூலை 7, செவ்வாய்

கடிதங்கள் வருகின்றன. இன்றோடு பதினான்கு. இந்த ஆன்டிபாடியை வாங்கிப் பயன்படுத்திய, முகம் தெரியாத ஆட்கள். ஒருவர் நாறத் திட்டியிருக்கிறார், நியாயம். ஆனால் மற்றவை அப்படி இல்லை. 'உங்கள் முடிவு எனக்கு வரவே இல்லை, என்னிடம்தான் ஏதோ குறை என்று நினைத்தேன்.' 'என் வழிகாட்டி என்னை வேறு வேலைக்கு மாற்றிவிட்டார்.' 'ஒன்றரை வருடம் வீணாயிற்று.' ஒரு பெண் ஒரே வரி எழுதியிருக்கிறார்: 'அப்படியென்றால் நான் முட்டாள் இல்லையா?'

நான் ஒருத்தியின் வாழ்க்கையைத்தான் கெடுத்தேன் என்று நினைத்திருந்தேன்.

ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுகிறேன். ஒரே பதிலை நகல் எடுத்து எல்லோருக்கும் அனுப்ப மனம் வரவில்லை.

ஆகஸ்ட் 18, செவ்வாய்

டாக்டரிடம் கேட்டேன், அந்த எக்ஸ்ரே அம்மா எப்படி இருக்கிறார் என்று. "வேற சிகிச்சையில இருக்காங்க. அதைத் தெரிஞ்சுக்கற உரிமை உங்களுக்கு இல்லை, ஆனா சொல்றேன்" என்றார். நன்றி என்றேன்.

நவம்பர் 3, செவ்வாய்

காலையில் லிஃப்ட்டில் ஏறினேன். கதவு மூடப்போகும் நேரத்தில் ஒரு கை குறுக்கே வந்தது. அவள். கழுத்தில் புது அட்டை, 'ஆராய்ச்சி மாணவி', வழிகாட்டியின் பெயர் ஐந்தாம் மாடிப் பேராசிரியர் ஒருவருடையது. கையில் ஒரு ரேக் நிறைய டியூப்கள். மூடியில்லாமல், விளிம்புவரை. பக்கத்தில் யாரும் இல்லை.

"எந்த மாடி?" என்று கேட்டாள்.

"மூணு."

ரேக்கை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறுகையால் மூன்றை அழுத்தினாள், பிறகு ஐந்தை. ஒரு சொட்டு சிந்தவில்லை. எண்கள் மாறுவதை அவள் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

கதவு திறந்தது. "வரேங்க" என்றேன்.

"சரிங்க" என்றாள். மேடம் சொல்லவில்லை.